மேட்டில் ஏறிப் பழகிய எஞ்சின்

மணிக்கூண்டு என்று அவளுக்குப் பேர் வைத்தது யாரென்று தெரியவில்லை. வைத்தவர் நன்றாக இருக்கட்டும், அதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது. ஆள் நல்ல நெட்டை. படகின் பின்பக்கம் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றால் துறையின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் தெரிவாள். நேரமும் தவற மாட்டாள். ஏரியைக் கடந்து அக்கரைக்குப் போகும் அவளுடைய சின்ன மோட்டார் படகு புறப்பட வேண்டிய நேரத்தில் புறப்பட்டுவிடும். ஓடி வருகிறவர் ஊர்ப் பெரிய மனிதராக இருந்தாலும் சரி, அவளுடைய சொந்தத் தங்கையாக இருந்தாலும் சரி, அடுத்த நடைக்குத்தான் காத்திருக்க வேண்டும். முகத்துக்கு நேரே எல்லாரும் அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மணிக்கூண்டு. அது அவளுக்கும் தெரியும். "கழுதைன்னு வைக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

படகு அவள் கணவருடையது. கல்யாணமாகி வந்த புதிதில் அதில் கால் வைக்கவே நடுங்கினவள் அவள். அவருக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியது. துறையில் நட்டிருந்த ஒற்றைக் கம்பம் இரண்டாகத் தெரிந்த ஒரு காலையில், "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீ பிடி" என்று சுக்கானை அவள் கையில் கொடுத்தார். அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை. அவர் வீட்டில் சமையலை எடுத்துக்கொண்டார். உப்பு சில நாள் தூக்கலாக இருக்கும், சில நாள் இருக்கவே இருக்காது. உப்பைப் பற்றி அவளும் சுக்கானைப் பற்றி அவரும் வாய் திறப்பதில்லை என்று ஓர் ஏற்பாடு. குடும்பம் நல்லபடியாக ஓடியது.

சுக்கான் பிடித்த இத்தனை வருஷத்தில் அவள் தண்ணீரைக் கண்டு பயந்தது ஒரே ஒரு பிற்பகலில்தான். படகு நிறைய ஆட்கள். காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. நட்ட நடு ஏரியில் பழைய எஞ்சின் இரண்டு முறை இருமியது, உள்ளே ஏதோ உடைந்தது போல ஒரு சத்தம், அதோடு சரி. எஞ்சின் நின்ற பிறகு வருகிற அந்த அமைதி இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அலை படகின் பக்கவாட்டில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. காற்று படகைப் பாறைத்திட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனது. அவள் துடுப்பை எடுத்தாள். ஆண்கள் உட்காரும் பலகைகளைப் பெயர்த்துத் தண்ணீரைத் தள்ளினார்கள். பாறைக்குக் கொஞ்சம் முன்னால் நாணல் புதரில் படகு செருகி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி, கத்தவும் இல்லை, அழவும் இல்லை, அவ்வளவு நேரமும் மணிக்கூண்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'உன்னை நம்பித்தானே ஏறினேன்' என்கிற பார்வை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது மணிக்கூண்டின் கை தட்டிலேயே நடுங்கியது.

மறுநாள் கொழுந்தன் வந்து எஞ்சினைத் திறந்து பார்த்தான். கணவரின் தம்பி, கார் பட்டறையில் மெக்கானிக். அவனுக்குக் கையும் ஓயாது, வாயும் ஓயாது. எஞ்சினுக்குள் இருந்த ஒரு தடித்த இரும்புத் தண்டு முறிந்து, வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, இதுக்கு வைத்தியமே கிடையாது. தலை முழுகிட வேண்டியதுதான்."

படகுக்கென்றே செய்த புது எஞ்சின் அவர்களுக்கு எட்டாக்கனி. அந்த ஏரியில் ஓடும் மீன் படகுகளில் பாதி, காரில் இருந்து கழற்றின எஞ்சினில்தான் ஓடுகின்றன. ஆகவே இருவரும் ஊருக்கு வெளியே இருந்த வண்டி உடைக்கும் யார்டுக்குப் போனார்கள்.

கொழுந்தன் வெறும் கையோடு வரவில்லை. பழப்பெட்டிச் சட்டங்களை ஆணியடித்து, படகில் எஞ்சின் உட்காரும் குழி என்ன நீளம், என்ன அகலம், என்ன உயரமோ, அதே அளவுக்கு ஒரு மரக்கூடு செய்து தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். பிடித்த எஞ்சின் கண்ணில் பட்டால் கூட்டை அதன் தலையில் கவிழ்ப்பான். கூடு கீழே இறங்கினால் எஞ்சின் படகில் இறங்கும். வேறு பேச்சே இல்லை. யார்டுக்காரர் அந்தக் கூட்டையும் அவனையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எஞ்சின் வாங்க வந்தீங்களா, கோழி பிடிக்க வந்தீங்களா?"

"பிடிக்கிற மாதிரி கோழி இருந்தா பிடிப்போம், அண்ணே" என்றான் கொழுந்தன்.

அவள் அந்த மாதிரி இடத்துக்கு அதற்கு முன்னால் போனதில்லை. தகரக் கூரைக்குக் கீழே, மரச் சட்டங்களின் மேல், வரிசை வரிசையாக எஞ்சின்கள். சில பளபளத்தன, சிலவற்றின் மேல் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து தோலாகப் படிந்திருந்தது. ஒவ்வொன்றும் எத்தனை ஊர் பார்த்திருக்கும், எத்தனை பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும் என்று நினைத்தபோது அவளுக்குச் சத்தமாகப் பேசவே கூச்சமாக இருந்தது. கொழுந்தன் ஒன்றின் மூடியைக் கழற்றி உள்ளே காட்டினான்.

"இதோ, இந்த ஓட்டைக்குள்ளதான் நெருப்பு. ஒரு தடவை நீங்க கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எத்தனையோ தடவை வெடிக்கும். வெடிச்சு வெடிச்சுத்தான் தள்ளும்."

"இத்தனை வருஷமா நான் நெருப்பு மேலயா நின்னுக்கிட்டிருந்தேன்?"

"பின்ன? தண்ணி நடுவுல நெருப்பு மேல நின்னீங்க. அண்ணனைச் சொல்லணும், இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கிட்டு நிம்மதியாத் தூங்கறாரே."

அவள் சிரிக்கவில்லை. அந்தக் கறுத்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்க்கலாமா என்று இருந்தது.

யார்டுக்காரர் முதலில் காட்டியது ஒரு வேகமான காரின் எஞ்சின். துடைத்து வைத்திருந்தார், மூக்கும் முழியுமாக இருந்தது. "இதைப் போட்டீங்கன்னா படகு பறக்கும்" என்றார். கொழுந்தன் கூட்டைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"அண்ணி, காருன்னா மேடு ஏறும், அப்புறம் இறக்கத்துல இறங்கும், சமதரையில கொஞ்சம் மூச்சு வாங்கிக்கும். படகுக்கு இறக்கமே கிடையாது. இக்கரையிலேருந்து அக்கரை வரைக்கும் ஏற்றம்தான். தண்ணியைத் தள்ளிக்கிட்டே இருக்கணும். இது ஓடிப் பழகின குதிரை. மூட்டை தூக்காது."

ஏரியைவிடச் சமமான இடம் உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். தினமும் இத்தனை முறை இறக்கமே இல்லாத மலையை ஏறியிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உடைந்துபோன பழைய எஞ்சினை நினைத்து மனசுக்குள் 'பாவம்' என்றாள்.

அடுத்தது பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் ஆவி படகின் அடிவயிற்றில் தங்கும், ஒரு பொறி பட்டால் போதும் என்று கொழுந்தன் அதைக் கைகழுவினான். அதற்கடுத்தது டீசல்தான், புதுசுதான், ஆனால் ஒயர் ஒயராகத் தொங்கியது. "இதுக்கு மூளை தனியா ஒரு பெட்டிக்குள்ள இருக்கு. நம்ம படகுல தண்ணி தெறிச்சா புத்தி பேதலிச்சுடும்" என்றான். இன்னொன்றுக்குக் கூடு கச்சிதமாக இறங்கியது. சந்தோஷமாக எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே பாலாடை மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது, உள்ளுக்குள் எங்கோ வெடிப்பு.

ஒவ்வொரு எஞ்சினுக்கு முன்னாலும் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"இது நடுவுல நிக்குமா?"

"எல்லாம் நல்லா ஓடும்மா."

"ஓடுமான்னு கேக்கலைங்க. நிக்குமான்னு கேக்கறேன்."

யார்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த எஞ்சினுக்கு நடந்தார். யாருக்குத்தான் தெரியும்?

யார்டின் கடைசி மூலையில், மற்ற வண்டிகளிலிருந்து தள்ளி, கறுப்பாக ஒரு நீள வண்டி நின்றது. பின்பாதியில் இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி. அதைச் சுற்றி இரும்பு எதுவும் குவித்து வைக்கவில்லை. யார்டுக்காரர் அதைத் தாண்டும்போது பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஊரில் இறந்தவர்களை இடுகாட்டுக்குக் கொண்டுபோன வண்டி. உடம்பு துருப்பிடித்துவிட்டதால் ஊராட்சி புதிது வாங்கிவிட்டு இதைத் தள்ளிவிட்டிருந்தது.

"வாங்க அண்ணி, போகலாம்" என்றான் கொழுந்தன். அவன் குரலில் அதுவரை இருந்த கிண்டல் காணாமல் போயிருந்தது.

"மூடியோட அளவைப் பார்த்தா எஞ்சின் நம்ம கூட்டுக்குச் சரியா இருக்கும் போலிருக்கே."

"அண்ணி! உங்களுக்கு என்ன ஆச்சு?"

அவள் அவன் தோளிலிருந்து கூட்டை வாங்கினாள். யார்டுக்காரரை மூடியைத் தூக்கச் சொன்னாள். நெட்டைக்காரி அல்லவா, குனிந்து கூட்டை அப்படியே உள்ளே இறக்கினாள். மரச்சட்டம் எங்கும் இடிக்காமல் இறங்கி உட்கார்ந்தது. கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு தொழில் புத்தி விடுமா, மெல்லக் கிட்டே வந்தான். டீசல். ஒயர் இல்லாத பழைய இரும்புப் பம்ப். எண்ணெய் மூடியைத் திறந்து விரலால் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தான். தேன் நிறத்தில் இருந்தது.

"உடைக்கிறதுக்கு வந்த வண்டில யாராவது புது எண்ணெய் ஊத்தி அனுப்புவாங்களா?" என்றான் தனக்குள்ளே.

"இதை ஓட்டினவர் யாரு?" என்று அவள் யார்டுக்காரரிடம் கேட்டாள்.

ஓட்டினவர் ஓய்வு பெற்று, ஊராட்சி வண்டிக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறையில் இருந்தார். கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் ஆணியில் தேய்த்து மாட்டிய இரண்டு வெள்ளைச் சட்டை. வேலைக்குப் போகாத மனுஷர் சட்டையை எதற்குத் தேய்த்து மாட்டுகிறார் என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. வந்தவர்களைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, அந்த எஞ்சின் நடு வழியில எப்பவாவது நின்னிருக்கா?"

அவர் அவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். யாரோ ரொம்ப நாள் கழித்துச் சரியான கேள்வியைக் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

"நின்னதில்லம்மா. ஒரு தடவைகூட இல்ல. வேற வண்டி நின்னா ஜனங்க திட்டுவாங்க, அதைத் தாங்கிக்கலாம். இந்த வண்டி நின்னா? பின்னால நடந்து வர்றவங்க முகத்தை நான் எப்படிப் பாப்பேன்? ஏற்கனவே அழுதுக்கிட்டு வர்றவங்க."

பிறகு அவர் சொல்லச் சொல்ல, மணிக்கூண்டு கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். யாரும் சாகாத நாளிலும் காலையில் எழுந்ததும் போய் எஞ்சினை ஓட்டிச் சூடேற்றிவிட்டுத்தான் அவர் முகம் கழுவுவாராம். லீவு நாளிலும் அப்படித்தான். பெல்ட்டு, குழாய் எதையும் தேய்கிற வரை விட்டுவைக்க மாட்டார், பாதி ஆயுசிலேயே மாற்றிவிடுவார். டீசல் வடிகட்டி ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். எஞ்சின் கொஞ்சம் அதிர்ந்தாலும் பின்னால் படுத்திருப்பவர் ஆடுவாரே என்று, தாங்கும் ரப்பர்களை அடிக்கடி மாற்றுவாராம்.

"அவங்களுக்குத் தெரியவா போகுதுன்னு கேப்பாங்க. எனக்குத் தெரியுமில்ல?" என்றார்.

"மெதுவாத்தானே ஓட்டியிருப்பீங்க?" என்று கொழுந்தன் கேட்டான். "சும்மா உருட்டிக்கிட்டே இருந்தா எஞ்சின் உள்ளுக்குள்ள மழுங்கிப் போயிடுமே ஐயா."

"இடுகாடு எங்க இருக்குன்னு மறந்துட்டீங்களா தம்பி? மேட்டு மேல. ஆள் நடக்கற வேகத்துல, முழு பாரத்தோட, அடிவாரத்துலேருந்து உச்சி வரைக்கும் இழுக்கும். நான் ஓட்டின காலம் முழுக்க அது செஞ்ச வேலை அதுதான். ஏற்றம் ஏறுறது."

கொழுந்தன் அவளைத் திரும்பிப் பார்த்தான். தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்: மெதுவாக, பாரத்தோடு, நிற்காமல் ஏறப் பழகின எஞ்சின். அவள் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள். தன் மாமியாரும், பக்கத்து வீட்டுக்காரரும், துறையில் டீக்கடை வைத்திருந்தவரும், ஊரில் எத்தனையோ பேரும் கடைசியாகப் போனது இந்த எஞ்சினின் பலத்தில். அவர்களில் ஒருவரையும் அது வழியில் விடவில்லை. இப்படி ஒரு உழைப்பு ஊருக்கு நடுவிலேயே நடந்திருக்கிறது, நாம் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கி நின்றிருக்கிறோம் என்று நினைத்தாள்.

"எங்க கொண்டு போறீங்க அதை?" என்று கேட்டார் அவர்.

"தண்ணிக்கு. என் படகுக்கு."

"பேச்சுச் சத்தமே கேட்டதில்லம்மா அது."

"என் படகுல சந்தைக்கடை தோத்துடும் ஐயா. காது புளிச்சுப் போயிடும் அதுக்கு."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எஞ்சினை இறக்கிப் பொருத்தும் வேலையில் கொழுந்தன் சோறு தண்ணீர் மறந்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான் என்றே சொல்லலாம். ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு ஏரித் தண்ணீரே சுற்றி வந்து குளிர்விக்கும்படி குழாய் போட்டான். படகில் எஞ்சின் பின்பக்கம் சாய்ந்து உட்காருவதால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்குமே என்று, எண்ணெய் உறிஞ்சும் குழாயை வளைத்துக் கீழே இறக்கினான். நிமிரும்போதெல்லாம் ஒரே புத்திமதி.

"அண்ணி, எங்கேருந்து வந்ததுன்னு மட்டும் மூச்சு விடாதீங்க. பழைய கார் எஞ்சின்னு சொன்னா போதும். அது பொய்யுமில்ல."

அவளும் தலையாட்டினாள். ஆனால் மறுநாளே துறையில் ஒருவர் "என்ன எஞ்சின் அக்கா?" என்று கேட்டதும் போட்டு உடைத்துவிட்டாள். நேரத்தில் ஒரு நிமிஷம் ஏமாற்றத் தெரியாதவளுக்கு இதில் மட்டும் எப்படி வரும்? மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் "எஞ்சினுக்கு என்ன தெரியும், இரும்புதானே" என்றார்கள். வெள்ளோட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று எல்லாருமே துறைக்கு வந்து நின்றார்கள்.

எஞ்சின் முதல் சுழற்சியிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம்! இரைச்சல் இல்லை, தடதடப்பு இல்லை. ஆழத்திலிருந்து வருகிற ஒரே சீரான முழக்கம். கரையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்களுக்கும் அது தெரிந்த சத்தம். கொழுந்தன் பெருமையாக முன்கியரைத் தள்ளினான்.

படகு பின்னால் போனது.

விறுவிறுவென்று பின்னால் வந்து துறையின் கட்டையில் மடாரென்று இடித்து நின்றது. கொழுந்தன் குப்புற விழுந்தான். கூட்டத்தில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். இன்னொருவர் சன்னமாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"முன்னால போன்னா நம்ம பக்கமா வருது பாத்தியா. ஆள் எடுக்க வருது."

அவ்வளவுதான். துறை காலியாகிவிட்டது.

கொழுந்தன் விழுந்த இடத்திலிருந்தே எஞ்சின் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தான். பிறகு நெற்றியில் அறைந்துகொண்டான்.

"எல்லாத்தையும் பாத்தேன் அண்ணி. எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்கலை. பழசு ஒரு பக்கம் சுத்தும், இது மறு பக்கம். அடியில இருக்கற விசிறி பழைய எஞ்சினுக்கு வளைச்சது. அதான் தலைகீழாத் தள்ளுது."

எவ்வளவு பெரிய மெக்கானிக்கும் கூட்டுக்குள் அடங்காததைக் கோட்டை விடுவான் போலிருக்கிறது. பின்கியரையே முன்கியராக வைத்து ஓட்டலாம் என்றால் கியர்ப்பெட்டி தாங்காது. ஊர் ஊராக அலைந்து, எதிர்ப்பக்கம் வளைந்த ஒரு பித்தளை விசிறியைக் கொண்டுவந்து மாட்டினான். படகு முன்னால் போனது, பூப்போலப் போனது. பார்ப்பதற்குத்தான் துறையில் ஆள் இல்லை.

ஊர்க்காரர்கள் ஏரியைச் சுற்றிப் போகும் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். பாதி நாளைத் தின்கிற பஸ் அது. அதில் நெருக்கியடித்து நின்றுகொண்டு போனார்கள். மணிக்கூண்டு நேரத்துக்குக் கயிற்றை அவிழ்த்தாள், ஒருவரும் இல்லாத படகை அக்கரைக்கு ஓட்டினாள், அங்கேயும் காத்திருந்து, ஒருவரும் இல்லாமல் திரும்பினாள். "நான் வேணா வந்து உக்காந்துக்கறேனே" என்றார் கணவர். "நீங்க வந்தா சோறு யாரு ஆக்கறது? பேசாம இருங்க" என்று அவர் மேல் எரிந்து விழுந்தாள். கொழுந்தன் வேறு எஞ்சின் பார்க்கலாம் என்றான். "வேற எஞ்சின் மாத்திட்டேன்னு சும்மா சொல்லிடுங்களேன்" என்றும் சொன்னான். அதற்கும் திட்டு வாங்கினான்.

அவளை அரித்தது ஊர் ஏறாதது மட்டும் இல்லை. ஒவ்வொரு நடையிலும் நடு ஏரி வரும்போது அவள் காது எஞ்சினிடமே இருந்தது. ஒரு இருமலாவது வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அது இருமவே இல்லை. இருந்தும் கை நடுங்கியது. காலிப்படகை ஓட்ட யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், மறுபடி ஒரு உயிர் ஏறி உட்கார்ந்தால் தன்னால் ஓட்ட முடியுமா என்பது அவளுக்கே தெரியவில்லை. யாரும் ஏறாவிட்டால் தெரியப்போவதும் இல்லை. இந்த மாசத்தோடு படகைக் கரையேற்றிவிடலாம் என்று முடிவு செய்திருந்தாள்.

அந்த நிலையில்தான் ஒரு காலை, கயிற்றில் கை வைத்த நேரத்தில், துறைப் படியில் ஒருத்தி இறங்கி வந்தாள். கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டிருப்பவள். தைத்து முடித்த துணி மூட்டை இடுப்பில். புருஷனை இழந்து அதிக நாள் ஆகவில்லை. பழைய வண்டி கடைசியாகக் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். அவள் எதுவும் கேட்காமல் ஏறினாள். படகில் எல்லாரும் முன்பக்கம்தான் உட்காருவார்கள், எஞ்சின் பெட்டிப் பக்கம் சூடும் சத்தமுமாக இருக்கும். அவள் நேரே வந்து எஞ்சின் பெட்டியை ஒட்டி உட்கார்ந்தாள்.

"இதுதானேக்கா அது?"

"இதுதான் தங்கச்சி. உனக்குக் கஷ்டமா இருந்தா முன்னால..."

"இல்லக்கா. இருக்கேன்."

படகு புறப்பட்டது. தையற்காரி பெட்டியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டாள். நடு ஏரி வந்தது. மணிக்கூண்டு எஞ்சினுக்குக் காது கொடுத்தாள். சரியாக அந்த இடத்தில் தையற்காரி திரும்பினாள்.

"அக்கா, கொஞ்சம் மெதுவாப் போக முடியுமா?"

அந்த இடத்தில் எஞ்சினைத் தணிப்பதா! அவள் கை ஒத்துழைக்கவில்லை. இருந்தாலும் கேட்டவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, நெம்புகோலை மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்தாள். முழக்கம் தணிந்து, தணிந்து, ஓர் இடத்தில் வந்து நின்றுகொண்டது. ஆள் நடக்கும் வேகம். எஞ்சினுக்கு அது அத்துப்படியான வேகம், அதில் ஒரு பிசிறு இல்லை. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர், நடுவில் அந்த ஒரே சத்தம். மணிக்கூண்டு சுக்கானை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவில், போனவர்களுக்கும் இருக்கிறவர்களுக்கும் நடுவில் தன்னை யாரோ பத்திரமாகத் தாங்கிப் பிடித்திருப்பது போல இருந்தது அவளுக்கு.

"அன்னைக்கு வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தேன்" என்றாள் தையற்காரி. "யார் யாரோ என்னென்னமோ சொன்னாங்க, ஒண்ணும் காதுல விழலை. இந்தச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. இது நிக்காமப் போகுது, நாமளும் நிக்காமப் போகணும்னு நினைச்சுக்கிட்டே மேட்டுல ஏறினேன்."

மணிக்கூண்டு நெம்புகோலை அந்த வேகத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

படகு அப்படியே கொஞ்ச தூரம் ஊர்ந்தது. தையற்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மூக்கை உறிஞ்சினாள், பிறகு திடீரென்று சிரித்தாள்.

"போதும்க்கா, வேகமா விடுங்க. அந்த மனுஷனுக்கு மெதுவாப் போனாலே பிடிக்காது. கல்யாணத்தன்னைக்கே என்னை விட்டுட்டு முன்னால நடந்தவரு. கடைசியில அவ்வளவு மெதுவா போக வெச்சதுக்குத்தான் ரொம்பக் கோபமா இருந்திருப்பாரு."

மணிக்கூண்டும் சிரித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நெம்புகோலை முன்னுக்குத் தள்ளினாள். இன்னும் தள்ளினாள். அது போகிற மட்டும் தள்ளினாள். வாழ்நாள் முழுக்க நடை வேகத்தில் போன அந்த எஞ்சின், முதல் தடவையாக முழுக் குரலையும் எடுத்தது. படகின் முகப்பு தண்ணீரை விட்டு மேலே எழும்பியது. தையற்காரி மூட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு "யம்மா!" என்று கத்தினாள். அந்தக் கூச்சல் அக்கரை வரை கேட்டிருக்க வேண்டும். பஸ்ஸுக்காக நின்றிருந்தவர்கள் எல்லாரும் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்கள். படகு துறையை நெருங்கியபோது அவர்களில் இரண்டு மூன்று பேர் பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மணிக்கூண்டு கயிற்றை வீச வலக்கையைத் தூக்கினாள். கை நடுங்கவில்லை.